மாண்டோர்க்கு இரு நாள்

மாண்டோர் விழாக் காலத்தில் மெக்சிகோ நகருக்குச் செல்வோர் கண்களை முதலில் கவர்வது எலும்புக்கூட்டு வேடம் புனைந்தோரின் பெரும் ஊர்வலமே. அதனைத் தொன்மையானதென்று எண்ணிவிடலாகாது. 2015இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்டு திரைப்படமொன்று அத்தகைய ஊர்வலத்தைக் கற்பனையாகக் காட்டிற்று. 2016 முதல் நகரில் அது மெய்யாகவே நடைபெறலாயிற்று. திரையைத் தெரு பின்பற்றிய விந்தை இது!

பழமையைக் காண வீடுகளுக்குள் செல்லல் வேண்டும். மறைந்தவரின் படத்தின்முன் நீர், உப்பு, மெழுகுவத்தி, அவர் விரும்பியுண்ட பண்டங்கள் ஆகியவற்றை வைக்கின்றனர். கோதுமை ரொட்டியும் உண்டு. கோதுமை இசுபானியர் கொணர்ந்தது. ஆவிக்கு வழிகாட்ட வாயிலிலிருந்து தூவப்படும் மஞ்சட்பூவோ அம்மண்ணுக்கே உரியது. வடநாட்டார் கேந்தா என்றும், நம்மவர் துலுக்கச் சாமந்தி என்றும் வழங்குவது அதனையே. (துருக்கியர்க்கும் அதற்கும் யாது தொடர்போ!)

ஆஸ்டெக் மக்கள் ஏறத்தாழ ஆகஸ்டுத் திங்களில் இறந்த சிறார்க்கொன்றும் பெரியோர்க்கொன்றுமாக இரு விழாக்கள் எடுத்தனர். 1521இல் இசுபானியர் அவர்தம் தலைநகரைக் கைப்பற்றினர், பெருங்கோயில் இடிக்கப்பட்டது, பழைய வழிபாடு குற்றமாயிற்று. எனினும் அந்நூற்றாண்டிலேயே டியேகோ துரான் என்னும் கிறித்தவத் துறவி ஒன்றைக் கவனித்தார். புனிதர் அனைவர் திருநாளில் இறந்த குழந்தைகளுக்கும், மறுநாள் பெரியோர்க்கும் மக்கள் படையலிட்டனர். பழைய விழாவே புதிய நாளில் ஒளிந்திருக்கிறதென அவர் ஐயுற்றார். அவர் ஐயம் பொருளற்றதன்று. தடுக்க விரும்பியவரின் ஏடே இன்று அம்மக்களின் பிடிவாதத்துக்குச் சான்று கூறுகிறது. நவம்பர் முதல் நாள் சிறார்க்கு, இரண்டாம் நாள் பெரியோர்க்கு என்னும் அம்முறை இன்றும் வழக்கில் உள்ளது.