விறாந்தையிற் படிந்த நஞ்சு: குவீன்ஸ்லாந்தில் ஈயத் தீந்தையும் குழந்தைகளும்

ஈய நச்சேற்றம் மிகப் பழைய நோய்களுள் ஒன்று. சுரங்கத் தொழிலாளர், அச்சுக்கோப்போர், தீந்தை பூசுவோர் ஆகியோரிடத்து அது தோன்றுவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வைத்தியர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஆதலின் அதனைத் தொழில்வழி வரும் நோயாகவே அவர்கள் பெரிதும் கருதினர். எத்தொழிலும் புரியாத மூன்று, நான்கு வயதுக் குழந்தையை அந்நோய் எவ்வாறு பற்றும் என்னும் வினா, அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலேயே முதன்முதலாக விரிவான ஆராய்ச்சிக்கு உள்ளாயிற்று.

1889ஆம் ஆண்டில் பிறிஸ்பேன் சிறுவர் வைத்தியசாலையிற் பணியேற்ற அல்பிரட் ஜெபரிஸ் ரேணர் என்னும் இளம் வைத்தியர், வயிற்று நோவாலும் வெளிறிய உடலாலும் வருந்திய குழந்தைகள் பலரைக் கண்டார். சிலரின் மணிக்கட்டும் பாதமும் வலுவிழந்து தொங்கின. வேறு சிலரின் பார்வை குன்றியது. கண் வைத்தியரான ஜோன் லொக்கார்ட் கிப்சனும் இத்தகைய குழந்தைகளைத் தம்மிடத்துக் கண்டார். இவ்விருவரும் பிறிஸ்பேன் வைத்தியர் வேறு சிலரும் சேர்ந்து, 1892இல் சிட்னியில் நடைபெற்ற வைத்திய மாநாட்டில், இது ஈய நஞ்சே எனத் துணிந்து கூறினர். ஆயினும் ஈயம் எங்கிருந்து வந்தது என்பதை அவர்களால் அப்பொழுது நிறுவ இயலவில்லை. தென் மாநிலங்களின் வைத்தியர்களிடையே ஐயம் நிலவியதில் வியப்பில்லை. கூரையில் வீழும் மழைநீரைத் தொட்டிகளிற் சேர்த்துப் பருகும் வழக்கம் அங்கிருந்தமையால், முதலில் நீரின்மீதே சந்தேகம் எழுந்தது. நீரில் நஞ்சிருப்பின் அதனைப் பருகும் வீட்டார் அனைவரும் நோயுறல் வேண்டுமன்றோ? குழந்தை மட்டும் வருந்துவானேன்?

இதற்கு விடை காணப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. குவீன்ஸ்லாந்தின் வீடுகள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. தூண்களின்மீது உயர்த்தப்பட்டு, தகரக் கூரையும் அகன்ற விறாந்தையும் கொண்டவை. வெப்பம் மிகுந்த அந்நாட்டில் விறாந்தையே குழந்தையின் விளையாட்டுக் களம். அதன் கிராதியைப் பற்றியே குழந்தை எழுந்து நின்றது, நடை பயின்றது. அக்கிராதிக்குப் பூசப்பட்ட தீந்தை, ஈய வெள்ளையை ஆளிவிதை எண்ணெயிற் குழைத்துச் செய்யப்பட்டது. கடும் வெயிலில் எண்ணெய் சிதைய, எஞ்சிய வெள்ளை மாவாகி மேற்பரப்பில் நின்றது. தடவிய கையில் அது ஒட்டிக்கொள்ளும். கையிலிருந்து வாய்க்குச் செல்ல நெடுநேரம் ஆவதில்லை. 1904இல் கிப்சன் இவ்வுண்மையை வெளியிட்டார். விறாந்தைக் கிராதிகளும் தீந்தை பூசிய அறைச் சுவர்களுமே நஞ்சின் பிறப்பிடம் என வாதிட்டார். வீட்டைத் தீந்தை பூசிப் பேணிய பெற்றோரே தம்மை அறியாது நஞ்சைக் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் வைத்திருந்தனர் என்பது இதனாற் பெறப்பட்டது.

நகம் கடிக்கும், விரல் சூப்பும் குழந்தைகளே பெரிதும் நோயுற்றனர் என்பதை ரேணர் வலியுறுத்தினார். அவதானிப்பு சரியானதே. ஆனால் விரலை வாயில் வைப்பது குழந்தையின் இயல்பு; அதனைத் தீய பழக்கமெனக் கொண்டால், நோய்க்குப் பொறுப்பு தீந்தையிலிருந்து தாயின் கண்காணிப்புக்கு மாறிவிடுகிறது. வைத்தியர் இருவரும் தீந்தையையே மாற்றுமாறு கேட்டனர் என்பது அவர்தம் பெருமை. அவர்களின் கோரிக்கை சட்டமாவதற்கு மேலும் பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன.

1921இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழில் நிறுவனம் ஈய வெள்ளை பற்றிய உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றியது. அது காத்தது தீந்தை பூசும் தொழிலாளரை. பூசி முடித்த வீட்டில் வாழ்வோர் அதன் நோக்கில் இடம்பெறவில்லை. 1922இற் குவீன்ஸ்லாந்து இயற்றிய சட்டமோ, குழந்தைகளின் கையெட்டும் இடங்களில் ஈயத் தீந்தை பூசுவதைத் தடுத்தது. குழந்தையை முன்னிறுத்திய சட்டம் என்ற வகையில் இதற்குத் தனிச் சிறப்புண்டு. ஐக்கிய அமெரிக்காவிலோ, கட்டிற் கிராதியின் வெள்ளைத் தீந்தையைக் கடித்துண்ட சிறுவனொருவனின் மரணம் 1914இலேயே பால்ரிமோர் வைத்தியர்களால் வெளியிடப்பட்டிருந்தும், வீட்டுத் தீந்தையிலும் விளையாட்டுப் பொருள்களிலும் ஈயத்தைத் தடுக்கும் நாடளாவிய விதி 1978இலேயே பிறந்தது.

எனினும் குவீன்ஸ்லாந்துச் சட்டம் புதிதாகப் பூசுவதையே தடுத்தது. பழைய கிராதிகளிற் படிந்திருந்த தீந்தை அவ்வாறே கிடந்தது. குழந்தைகள் தொடர்ந்து வைத்தியசாலைக்கு வந்தனர். உடலுட் புகுந்த ஈயம் எலும்பிற் படிந்து பல்லாண்டுகள் தங்கவல்லது. குவீன்ஸ்லாந்தில் இளவயதினர் பலர் நாட்பட்ட சிறுநீரக நோயால் மடிவதைக் கவனித்த ஜாவிஸ் நை என்னும் வைத்தியர், 1933இல் வெளியிட்ட நூலில் அதனைக் குழந்தைப் பருவத்து ஈயத்தோடு தொடர்புபடுத்தினார். 1915க்கும் 1935க்கும் இடையில் ஈய நச்சேற்றம் கண்டிருந்த 401 குழந்தைகளின் பிற்கால வாழ்வை ஹென்டர்சன் என்னும் வைத்தியர் தேடிச் சென்று, 1954இல் முடிவை வெளியிட்டார். அவர்களுள் 165 பேர் அதற்குள் இறந்திருந்தனர். அந்த 165 பேருள் 108 பேரைக் கொண்டுசென்றவை சிறுநீரக நோயும் உயர் குருதியமுக்கத்தால் விளைந்த குருதிக்குழாய் நோயுமாகும்.