டயருக்குப் பக்கத்தில் நிற்பவர்கள்

சங்ககிரி பக்கம் பைபாஸ் ஓரத்தில் ஒரு பஞ்சர் கடை. பைக்கைக் காட்டிவிட்டு நிழலுக்காகத் தள்ளிப்போய் நின்றேன். அங்கே ஒரு லாரி டயரைப் படுக்கப்போட்டு காற்று ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "அங்க நிக்காதீங்க தம்பி. ரிங்கு கிளம்புச்சுன்னா ஆளு இருக்க மாட்டீங்க." டிஸ்க்கின் ஓட்டைகளில் ஒரு கடப்பாரையை ரிங்குக்குக் குறுக்கே செருகியிருந்தார். பாதுகாப்பு என்று அங்கே இருந்தது அந்தக் கடப்பாரை மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து டயரின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். அது பெரும்பாலும் வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் வரலாறாகவே இருந்தது. 1845இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த சக்கரத்துக்கு முதல் காப்புரிமை வாங்கினார். குதிரை வண்டியில் போகிறவருக்குக் குலுங்கக் கூடாது, சத்தம் கேட்கக் கூடாது என்பதுதான் நோக்கம். அது பிழைக்கவில்லை, உலகமும் மறந்துவிட்டது. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் அதையே மறுபடி கண்டுபிடித்தார். அவருக்கு வேண்டியிருந்தது தன் மகனின் மூன்றுசக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடுவது. 1895இல் மிஷ்லின் சகோதரர்கள் காற்று டயர் போட்ட காரை பாரிஸ்–போர்தோ பந்தயத்தில் ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். ஆனாலும் காற்றின் மேல் கார் ஓடும் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது.

லாரிக்குக் காற்று வந்துசேர இன்னும் நாளானது. முதல் உலகப் போர் வரை பெரும்பாலான லாரிகள் கெட்டி ரப்பரில்தான் ஓடின. அது வெடிக்காது. ஆனால் வேகமாகப் போக முடியாது, சரக்கு உடையும், சாலையும் பெயரும். 1917இல் குட்இயர் நிறுவனம் காற்று டயர் மாட்டிய ஒரு லாரியை அக்ரான் நகரத்திலிருந்து பாஸ்டனுக்கு அனுப்பியது, லாரிக்கும் காற்று தாங்கும் என்று நிரூபிக்க. முதல் பயணத்தில் டயர்கள் ஒவ்வொன்றாகப் போய், ஊர் சேர வாரக்கணக்கில் ஆனது. ஆனாலும் வேகத்தின் ஆசை ஜெயித்தது.

காற்றோடு இன்னொரு சிக்கலும் வந்தது. சைக்கிள் டயரை நெம்பி ரிம்மில் ஏற்றலாம். லாரி டயரின் ஓரக்கம்பி அப்படி வளைந்துகொடுக்காது. அதனால் ரிம்மையே துண்டுகளாகச் செய்தார்கள். டயரைச் செருகு, பக்கத்து வளையத்தை வை, லாக் ரிங்கைத் தட்டிப் பூட்டு, காற்றை ஏற்று. சுத்தியலும் நெம்புகோலும் இருந்தால் நடுரோட்டில்கூட முடிகிற வேலை. உலகத்தின் சரக்கெல்லாம் ஓடியது இந்த எளிமையால்தான். ஆனால் பூட்டு சரியாக உட்காராமல் போனால்? காரில் 30 பிஎஸ்ஐ அளவில் இருக்கும் காற்று, லாரி டயரில் 100 பிஎஸ்ஐயைத் தாண்டும். டயரின் அளவுக்கு அதைக் கணக்குப் போட்டால், ரிம்மின் ஓரத்தைத் தள்ளும் விசை பதினைந்து, இருபது டன் அளவுக்கு வரும். துரு தின்ற ரிங், கோணலான ரிங், வேறொரு ரிம்முடைய ரிங், எதுவாக இருந்தாலும் அது பறக்கிற திசையில் குனிந்து நிற்பது காற்று ஏற்றுகிறவர்தான்.

அமெரிக்காவில்கூட இதற்கென்று தனி விதி 1980இல்தான் வந்தது. தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா கொண்டுவந்தது. டன்லப் கண்டுபிடித்து 92 வருடம் கழித்து! விதியில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. கழற்றும் முன் வால்வு ஊசியை எடுத்துக் காற்றை முழுக்க இறக்கு. இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்று ஏற்று. ஓஸின் முனையில் கிளிப் இருக்கட்டும், ஓஸ் நீளமாக இருக்கட்டும், நீ தள்ளி நில். விரிசல் விட்ட பாகத்தை வெல்டு வைத்து மறுபடி போடாதே. 1984இல் ஒற்றைத் துண்டு ரிம்மையும் இதில் சேர்த்தார்கள்.

ஒற்றைத் துண்டில் பறக்க ரிங் ஏது? டயரே போதும். காற்று குறைந்து ஓடுகிற ரேடியல் டயரில், பக்கச்சுவருக்குள் இருக்கும் எஃகு இழைகள் மடங்கி மடங்கி இற்றுப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது. பஞ்சர் ஒட்டி மறுபடி காற்று ஏற்றும்போது அந்த இழைகள் வரிசையாக, பையின் ஜிப் திறக்கிற மாதிரி அறுந்துகொண்டு போகும். அழுத்தம் 80 சதவீதத்துக்கு இறங்கி ஓடிய டயரைக் கழற்றி உள்ளே பார்க்காமல் காற்று ஏற்றக் கூடாது என்று சொல்வது அதனால்தான்.

இதே பக்கச்சுவர்தான் பைக்காரரின் முழங்காலுக்குப் பக்கத்தில் வருகிறது. சிக்னலில் லாரிக்கும் டிவைடருக்கும் நடுவே நுழைந்து நிற்கிறோமே, அந்த இடம். பின்னால் ஜோடியாக ஓடும் டயரில் ஒன்றில் காற்று இறங்கினால் மற்றது இரண்டின் பாரத்தையும் சுமக்கும். கேபினில் இருக்கும் டிரைவருக்குத் தெரியவே தெரியாது. பாரம் அழுத்த டயர் பிதுங்கும், பிதுங்கினால் சூடேறும், சூட்டில் ரப்பர் இழையை விட்டுப் பிரியும். வெடிக்கும்போது காற்றும் கல்லும் ரப்பர் துண்டும் பக்கவாட்டில்தான் பாயும். முன்டயர் வெடித்தால் லாரியே அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். உரிந்து விழும் பட்டைகளுக்கு அமெரிக்க டிரைவர்கள் வைத்த பட்டப்பெயர் முதலை. இரவில் நம் பைபாஸில் அந்த முதலையின் மேல் ஏறினால் பைக் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

லாரி டயரின் தடத்தில் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்கிறது நம் மோட்டார் வாகன விதி. மொட்டை டயரைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். உள்ளே இற்றுப்போன இழையை யார் பார்ப்பது? 2018இல் மத்திய அரசு லாரிகளின் அச்சுச் சுமை வரம்பை 20 முதல் 25 சதவீதம் வரை உயர்த்தியது. டயரின் தாங்குதிறனும் காற்றும் அதற்கேற்ப உயர்ந்தால் சிக்கல் இல்லை. உயராவிட்டால் கூடுதல் பாரம் அப்படியே சூடாக மாறும்.

பின்னொரு நாள் அந்தக் கடைக்குப் போனபோது கூண்டைப் பற்றியும் கிளிப் ஓஸைப் பற்றியும் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "கிளிப்பு மாட்டி, தள்ளிப்போய் நின்னு, திரும்ப வந்து பாக்குறதுக்கு எவன் தம்பி விடுறான்? லோடு நிக்குதுன்னு ஆரன் அடிச்சுக்கிட்டே இருப்பான்."

டிரைவரையும் குறை சொல்ல முடியவில்லை. அவருக்குப் பின்னால் போனில் ஓனர், ஓனருக்குப் பின்னால் சரக்குக்காரர், அவருக்குப் பின்னால் நாளைக்கே பார்சல் வேண்டும் என்கிற நான். பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த லாரி வந்து நின்றது. அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது திரும்பிப் பார்த்து, தள்ளி நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.