தான், தான்

1861 ஏப்ரல் 11. பாரிஸை ஒட்டி இருக்கிற பிசேத்ர் ஆஸ்பத்திரி. வலது கால் அழுகிப்போன 51 வயசுக்காரர் ஒருவரை அறுவை சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு வருகிறார்கள். பேர் என்ன? "தான், தான்." எத்தனை நாளா இப்படி? "தான், தான்." (நம்ம 'தான்' இல்லீங்க, மூக்கால சொல்ற பிரெஞ்சு 'தான்'.) கடைசியில் ஆஸ்பத்திரியில் அவர் பேரே அதுவாகிப் போச்சு. நிஜப் பேர் லெபோர்ன்.

பார்த்த டாக்டர் பால் ப்ரோக்கா. பேச்சுக்கென்று மூளையில் தனி இடம் உண்டா என்று பாரிஸில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். மனுஷனுக்கு அறிவு மழுங்கிடுச்சா, இல்லை வாய் மட்டும்தான் வரலையா? ப்ரோக்கா கேட்கிறார்: இங்க வந்து எத்தனை வருஷமாச்சு? லெபோர்ன் இடது கையை நாலு தரம் விரித்துக் காட்டி, அப்புறம் ஒரு விரல் நீட்டினார். 21. சரியான கணக்கு! மறுநாள் அதே கேள்வி, அதே பதில். மூணாவது தரம் கேட்டதும், நம்மள வெச்சு சோதனை பண்றான் என்று புரிந்துவிட்டது. கோபத்தில் ஒரு கெட்ட வார்த்தை வந்து விழுந்தது. தெளிவாக!

இதைப் படித்தபோது தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. நான் காலேஜ் மூணாவது வருஷம் படிக்கும்போது அவருக்குப் பக்கவாதம். தாலுகா ஆபீஸையே வாயால் நடத்தியவர் என்பார்கள். மிச்சம் இருந்தது ஒரே வார்த்தை: "நாளைக்கு." காபி வேணும்னாலும் நாளைக்கு, வலிச்சாலும் நாளைக்கு.

ஒருநாள் சாயங்காலம் பரணைக் காட்டி "நாளைக்கு, நாளைக்கு" என்று பிடித்துக்கொண்டார். இன்ஜினியரிங் மூளை இல்லையா, பைனரி சர்ச் போட ஆரம்பித்தேன். ஆளா, பொருளா? பொருளா, காகிதமா? எல்லாத்துக்கும் தலையாட்டினார். ஆமாவும் இல்லையும் அவருக்கு இடம் மாறுகிறது என்று அப்போ எனக்குத் தெரியாது. இன்னொரு கேள்விக்கு வாயைத் திறந்தேன். கையால் என் வாயைப் பொத்திவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

லெபோர்ன் ஏப்ரல் 17ல் இறந்துபோனார். மறுநாளே ப்ரோக்கா அவர் மூளையை மானுடவியல் சங்கத்தில் எல்லாருக்கும் காட்டினார். இடது பக்கம், முன்மடலில் பழுது. அந்த இடத்துக்கு டாக்டர் பேரையே வெச்சுட்டாங்க. நோயாளி 'தான்' ஆகவே நின்றுவிட்டார். நல்லவேளை, ப்ரோக்கா மூளையை வெட்டாமல் ஜாடியில் போட்டு வைத்திருந்தார். 2007ல் எம்ஆர்ஐ எடுத்த ஆராய்ச்சியாளர்கள், பழுது அவர் நினைத்ததைவிட இன்னும் ஆழத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

அந்த ஆள் யார் என்று தேட 2013 வரை ஆனது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். இவர் செருப்பு தைக்கும் மர அச்சு செய்கிறவர். பிறந்த ஊரான மோரேயில், தோல் பதனிட மரப்பட்டை அரைக்கும் ஆலைகள் இருந்தன. அந்தப் பட்டைக்குப் பிரெஞ்சில் 'தான்' என்று பேர். அதுதான் நாக்கில் ஒட்டிக்கொண்டதோ என்று ஒரு ஊகம். ஊகம்தான்.

தாத்தா போனப்புறம் பரணில் இருந்ததையெல்லாம் இறக்கிப் பார்த்தோம். ட்ரங்க் பெட்டியில் பழைய ரசீதுகள், ஒரு கண்ணாடிக் கூடு, துருப்பிடித்த பூட்டு. எதைக் கேட்டாரோ. பாட்டி அந்தப் பெட்டியை இன்னும் யாரையும் தூக்கிப்போட விடவில்லை.