ஒற்றைத் தண்டவாளமும் கணினிப் பூட்டும்



வங்கிக் கணக்கொன்றில் 100 வெள்ளி உள்ளது. இரு நிரல்கள் ஒரே கணத்தில் அதைப் பார்த்து, ஆளுக்கு 80 வெள்ளி எடுக்க அனுமதித்தால் கணக்கு பிழையாகிவிடும். இதைத் தடுக்கவே நிரலாளர்கள் 'பூட்டு' அமைக்கின்றனர். அதன் வரலாற்றைப் பிள்ளைகளுக்கு விளக்க நம் புக்கிட் தீமா ரயில் நிலையமே போதும்.

1932இல் கட்டப்பட்ட அந்நிலையத்தில், ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் ரயில்கள் விலகிச் சென்றன. டோக்கன் கையில் இல்லாத ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் நுழைய இயலாது. ரயில் சேவை அங்கு முடிவுற்ற 2011 வரை இம்முறையே நீடித்தது.

அதற்கும் முன்னோடி உண்டு. பழைய முறையில் ஒரு பகுதிக்கு ஒரே கோல். அது பாதுகாப்பானது, ஆனால் கோல் மறுமுனையில் இருந்தால், பாதை காலியாக இருந்தும் ரயில் காத்துக் கிடக்கும். தந்தியை மட்டும் நம்பிய இடத்திலோ உயிர்கள் பலியாயின. 1874இல் இங்கிலாந்தின் தோர்ப் என்னுமிடத்தில் இரு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. அதன்பின் எட்வர்டு டையர் 1878இல் மின்கருவி ஒன்றை உருவாக்கினார். இரு முனைகளிலும் கருவிகள். எம்முனையிலும் வில்லை பெறலாம். ஆனால் ஒன்று வெளியே இருக்கும்வரை மற்றொன்று வாராது. பாதுகாப்பும் விரைவும் ஒருங்கே கிட்டின.

டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1965இல் விளக்கிய நிரல் பூட்டின் பெயர் 'செமாஃபோர்'. அது ரயில் கைகாட்டியின் பெயரே! காத்திருக்கும் நிரல் "காலியா, காலியா" என ஓயாது கேட்டுக் கணினியின் உழைப்பை வீணாக்கலாகாது. உறங்கட்டும், முறை வந்ததும் எழுப்பப்படட்டும் என்பது அதன் சிறப்பு.

நல்ல பூட்டுக்கு மேலும் இரு இலக்கணங்கள் உண்டு. நீண்ட பாதையைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பதுபோல், பூட்டும் சிறிது நேரமே பிடிக்கப்பட வேண்டும். இருவர் ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு மற்றவருடையதற்குக் காத்திருந்தால் இருவருமே நகரமுடியாது. ஆகவே எல்லாரும் ஒரே வரிசையில் பூட்டுகளைப் பெறவேண்டும்.

மலாயா ரயில்வேயில் தமிழர் பலர் உழைத்தனர். அவ்வரலாற்றோடு இப்பாடமும் நம் பிள்ளைகளுக்குச் சேரட்டும். பழைய நிலையம் 2022 முதல் பொதுமக்களுக்குத் திறந்துள்ளது. விடுமுறையில் அழைத்துச் செல்லுங்கள். வகுப்பிலோ, ஓர் அளவுகோலை டோக்கனாக்கி, குறுகிய நடைபாதையில் இரு குழுக்களை நடக்கவிடுங்கள். கணினி இன்றியே பாடம் விளங்கும்.

அன்புடன்,
தமிழாசிரியர்