உப்புக்காற்றும் ஜீப்பின் புகைக்குழாயும்

கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரி எல்லையை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த ஊர். அதே சாலையில் வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் வரும். ஒரு பக்கம் வங்கக் கடல், மறு பக்கம் கழுவெளி, நடுவே பாத்திகளில் காயும் உப்பு. இக்கரையில் ஓடும் வண்டியின் அடிப்பகுதியைத் துரு விரைவில் பிடித்துக்கொள்ளும். சங்க காலத்தில் உப்பு ஏற்றிச் சென்ற உமணர், மாற்று அச்சு ஒன்றை வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூற்றின் 102ஆம் பாடல் காட்டுகிறது. வண்டியின் அடிப்பகுதி பற்றிய கவலை உப்பு வழிகளுக்குப் புதிதன்று.

உயரம் கூட்டிய ஜீப்புக்கு வேறு புகைக்குழாய் மாட்டுவது ஓசைக்காகச் செய்யும் ஆடம்பரம் என்றே பலரும் இன்று எண்ணுகின்றனர். அதன் தொடக்கம் வேறு. இரண்டாம் உலகப் போரில் ஜீப்புகளைக் கப்பலிலிருந்து கரைக்கு நீர் வழியாக ஓட்டிச் செல்ல வேண்டியிருந்தது. அதற்காகக் காற்று இழுக்கும் குழாயையும் புகைக்குழாயையும் நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்திப் பொருத்தினர். தேவைக்கேற்பக் குழாயை மாற்றும் பழக்கம் அன்றே ஜீப்போடு சேர்ந்துவிட்டது.

இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1947இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. அக்கால ஜீப்பின் புகைக்குழாய் அமைப்பு மிக எளியது: எஞ்சினிலிருந்து வரும் குழாய், ஒரு சைலன்சர், கடைசியில் ஒரு வால்குழாய். (சைலன்சருக்கு அமெரிக்காவின் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897இலேயே காப்புரிமை பெற்றிருந்தனர்.) துருப்பிடித்தால் பட்டறையில் புதிதாகச் செய்துகொள்ளலாம். குழாய்க்குள் மணலை இறுக நிரப்பி, இரு முனைகளையும் அடைத்து, சூடேற்றி வளைப்பது பழைய முறை. மணல் இருப்பதால் வளைவில் குழாய் நசுங்காது. நசுங்கினால் புகை செல்லும் வழி குறுகும், எஞ்சின் திணறும்.

வண்டியை உயர்த்தும்போதுதான் சிக்கல் வருகிறது. உயர்த்துவதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் சேஸிசுக்கும் மேல்கூட்டுக்கும் இடையே கட்டைகள் வைத்து மேல்கூட்டை மட்டும் தூக்குவார்கள். புகைக்குழாய் சேஸிசில் தொங்குவதால் அது பழைய உயரத்திலேயே நின்றுவிடும். வண்டி உயர்ந்ததாகத் தோன்றும். கல்லில் இடிக்கும் குழாயோ முன்பு இருந்த இடத்திலேயே இருக்கும். மற்றொன்றில் ஸ்பிரிங்கை மாற்றிச் சேஸிசையே தூக்குவார்கள். குழாயும் கூடவே உயரும். ஆனால் பின் ஆக்சில் இப்போது முன்பைவிடக் கீழே தொங்கும், புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடும். குறுக்கே செல்லும் குழாயில் ஷாஃப்ட் உரசக்கூடும். வண்டி தரையில் சமமாக நிற்கும்போது பார்த்து வாங்கிய குழாய், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும் இடிப்பது இதனால்தான். ஆக்சிலை முழுதாகத் தொங்கவிட்டு ஒரு முறையும், முழுதாக மேலே தள்ளி ஒரு முறையும் அளந்த பிறகே வளைவுகளை முடிவு செய்ய வேண்டும்.

பெரிய விட்டமுள்ள குழாய் பெரிய ஆற்றல் தரும் என்பது முழு உண்மையன்று. டர்போ இல்லாத எஞ்சினில் குழாய் அளவுக்கு மிஞ்சி அகன்றால் புகையின் வேகம் குறைந்து, குறைந்த சுற்றில் கிடைக்கும் இழுவிசை பாதிக்கப்படும். மணலிலும் சேற்றிலும் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு அந்த இழுவிசையே உயிர்.

குழாயின் நீளத்தைச் சுருக்குவது இன்னும் ஆபத்தானது. துணிக்கூரை ஜீப்பில் குழாய் வண்டிக்கு அடியிலேயே முடிந்தால், கார்பன் மோனாக்சைடு உள்ளே புகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உட்கார்ந்திருப்பவர் மயங்கும்வரை அறியமாட்டார். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 112ஆம் விதி, புகை கீழ்நோக்கியோ இடப்பக்கமாகவோ வெளியேறக் கூடாது என்றது. நம் நாட்டில் இடப்பக்கம் நடந்து செல்வோரின் பக்கம். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து இடப்பக்கம் குழாய் வைப்போர் இதை நினைப்பதில்லை. எரிபொருள் குழாயிலிருந்து 35 மில்லிமீட்டருக்குள் புகைக்குழாய் வரக்கூடாது என்பது அடுத்த விதி.

உப்புக்கரைக்கு உலோகமே முதல் கேள்வி. சாதாரண இரும்புக் குழாய் மலிவு, பற்றவைப்பதும் எளிது. ஆயினும் வெளியே உப்பும், உள்ளே எரிதலில் உண்டாகும் நீரும் அதை இரு பக்கமும் அரிக்கும். சிறு தூரமே ஓடும் வண்டியில் அந்த நீர் ஆவியாகாமல் சைலன்சருக்குள் தங்கிவிடும். அலுமினியம் பூசிய குழாய் சற்று மேல். ஆனால் பற்றவைத்த இடத்தில் பூச்சு எரிந்து, துரு அங்கேயே தொடங்கும். துருப்பிடிக்காத எஃகிலும் தரம் உண்டு. 409 வகையில் குரோமியம் ஏறத்தாழ 11 விழுக்காடு. 304 வகையில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளன. கடலோரத்துக்கு 304 நல்லது, விலையும் அதிகம். அதிலும் உப்பு தங்கினால் புள்ளிப்புள்ளியாக அரிக்கும். நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவுவதற்கு மாற்று இல்லை.

பழைய ஜீப்புக்காரருக்கு இருந்த உரிமை புதிய வண்டிக்காரருக்கு இல்லை. 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானது. ஈயம் அதைக் கெடுக்கும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் கூடவே வந்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபின், டீசல் வண்டியின் புகைவழியில் துகள் வடிகட்டியும் உணரிகளும் இடம்பெற்றன. குழாய் இப்போது எஞ்சின் கணினியோடு பேசும் உறுப்பு. அதை அறுத்து எடுத்தால் எச்சரிக்கை விளக்கு எரியும், புகையும் கூடும்.

2019 ஜனவரி 9 அன்று, கேரளத்திலிருந்து வந்த வழக்கில், தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஒலி, காற்று மாசு வரம்பை மீறி ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. உயரம் கூட்டுவதும் இந்தத் தடைக்குள் வருவதை, குழாய் வாங்கும் முன்பே நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வினையூக்கி மாற்றிக்கும் வடிகட்டிக்கும் பின்னால், அதே ஓசை அளவில், நல்ல எஃகில் ஒரு வால்குழாய்: புதிய வண்டியில் பெரும்பாலும் இவ்வளவுதான் தேர்வுக்கு மிஞ்சுகிறது.