பழியைத் தாமே ஏற்றவர்

கி.பி. 370-ஆம் ஆண்டளவில், வட ஆப்பிரிக்காவில் ரோமப் பேரரசுக்கு உட்பட்டிருந்த தகாஸ்தே என்னும் சிற்றூரில் ஒரு பேரிக்காய் மரம் நின்றது. அவ்வூர் இன்று அல்ஜீரியா நாட்டில் சூக் அஹ்ராஸ் என வழங்குகிறது. ஓரிரவு ஊர்ப்பிள்ளைகள் சிலர் அம்மரத்தை உலுக்கிக் காய்களை வாரிச் சென்றனர். சிலவற்றைக் கடித்துப் பார்த்து, எஞ்சியவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தனர். அக்கூட்டத்தில் 16 வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். பின்னாளில் அவனே ஹிப்போ நகரின் ஆயராகிய புனித அகுஸ்தீனார் ஆனான். நாற்பது வயதைக் கடந்து ஆயர் இருக்கையில் அமர்ந்திருந்தபோது, 'அறிக்கைகள்' என்னும் தம் நூலில் அக்களவைத் தாமே எடுத்துரைத்து, ஏன் செய்தேன் என்று தம்மையே குறுக்கு விசாரணை செய்தார்.

அவ்விசாரணை வியப்புக்குரியது. அன்று அவருக்குப் பசியில்லை. அவர் வீட்டிலேயே அவற்றினும் நல்ல காய்கள் இருந்தன. தனித்திருந்தால் செய்திருக்கமாட்டேன் என்று ஒப்புகிறார். ஆயினும் தோழர் தலையில் பழியைச் சுமத்தி விலகிக்கொள்ளவில்லை. தீமை தீமையென்பதாலேயே தமக்கு அன்று இனித்தது என்று கூசாமல் எழுதுகிறார். விவிலியத்தின் முதல் நூலில் ஆதாம் ஏவாளைச் சுட்டினான், ஏவாள் பாம்பைச் சுட்டினாள். யாக்கோபு எழுதிய திருமுகமோ, கடவுள் எவரையும் தீமைக்குத் தூண்டுவதில்லை, அவரவர் இச்சையே அவரவரை ஈர்க்கிறது என்று அறிவுறுத்துகிறது. அகுஸ்தீனார் அந்நெறியில் நின்றே தம் வழக்கைத் தமக்கு எதிராக வாதாடினார்.

தப்பித்துக்கொள்ள அவருக்கு வழி இல்லாமலில்லை. பாரசீகத்தில் 3-ஆம் நூற்றாண்டில் தோன்றிய மானி என்பாரின் சமயத்தில் அவர் ஒன்பது ஆண்டுகள் ஈடுபட்டிருந்தார். ஒளி, இருள் என்னும் இரு ஆற்றல்கள் மனிதனுக்குள் போரிடுகின்றன என்பது அச்சமயத்தின் கொள்கை. அவ்வாறாயின் பாவம் செய்தது நானன்று, என்னுள் கலந்த இருள் என்று சொல்லிவிடலாம். அவ்விடை தம் செருக்குக்கு இனித்ததை அகுஸ்தீனாரே பின்னர் ஒப்புக்கொண்டார். சோதிடரையும் அவர் நாடியதுண்டு. வெள்ளி செய்தது, சனி செய்தது, செவ்வாய் செய்தது என்று அவர்கள் மனிதனை விடுவித்ததைப் பின்னாளில் கண்டித்தார். (சனியின்மேல் பழிபோடும் வழக்கம் நமக்கும் புதிதன்று!)

பிழைப்பை நாடித் தொலைவூர் செல்லும் மகனைக் குறித்துத் தாய் அஞ்சுவது எந்நாட்டிலும் உண்டு. 383-இல் அகுஸ்தீனார் கார்த்தேஜிலிருந்து ரோமாபுரிக்குப் புறப்பட்டபோது, அன்னை மோனிக்கா அம்மையார் கடற்கரைவரை பின்தொடர்ந்தார். நண்பனை வழியனுப்ப வந்ததாகப் பொய் கூறி, அன்னை அருகிலிருந்த கோயிலில் இரவெல்லாம் மன்றாடிக்கொண்டிருக்கையில் மகன் கப்பலேறிவிட்டார். அப்பொய்யும் அந்நூலில் மறைக்கப்படவில்லை.

அவருக்கு முன்பே சட்டம் பயில ரோமாபுரி சென்றிருந்தார் அலிப்பியுஸ் என்னும் அவ்வூர் இளைஞர். வாள்வீரர் ஒருவரையொருவர் வெட்டி மாய்க்கும் அரங்க விளையாட்டை அவர் வெறுத்தவர். தோழர்கள் ஒருநாள் அவரை வலிந்து இழுத்துச் சென்றனர். என் உடலைத்தானே இழுத்துச் செல்வீர்கள், கண்ணையும் மனத்தையும் என் செய்வீர்கள் என்ற துணிவுடன் அவர் கண்களை இறுக மூடி அமர்ந்திருந்தார். செவிகளை மூட மறந்தார். வீரன் ஒருவன் வீழ்ந்ததும் பெருங்கூச்சல் எழுந்தது. எதுவாயினும் பார்த்து இகழ்வோம் என்று கண் திறந்தார்; திறந்த கண் மீளவில்லை. பின்னர்த் தம்மை இழுத்துச் சென்றவர்களையே அழைத்துச் செல்பவரானார். அவரிடம் இருந்தது துணிவே, வலிமையன்று என்பது அகுஸ்தீனாரின் கணிப்பு.

அதே அலிப்பியுஸ் பின்பு அந்நகரிலேயே, கருவூல அதிகாரி ஒருவருக்கு நீதி ஆலோசகரானார். செல்வாக்கு மிக்க செனட்டர் ஒருவர் சட்டம் இடங்கொடாத சலுகையொன்றை வேண்டினார். கையூட்டு நீட்டப்பட்டது, அலிப்பியுஸ் நகைத்தார். மிரட்டல் வந்தது, பொருட்படுத்தவில்லை. மேலதிகாரிக்கும் அச்சலுகையை அளிக்க விருப்பமில்லை. ஆனால் மறுக்கும் துணிவும் இல்லை. 'அலிப்பியுஸ் விடமாட்டேன் என்கிறார்' என்று கூறி நழுவிக்கொண்டார். ஆதாமின் மரபு எவ்வளவு நீண்டது! இத்தகைய மேலதிகாரிகளை அறியாத அலுவலகம் உண்டோ?

இத்தனைக்கும் அசையாத அலிப்பியுஸ் ஒன்றற்கு மட்டும் சற்றே அசைந்தார். நூல்களைக் கையால் படியெடுத்த காலம் அது. அரசலுவலர்க்குரிய சலுகை விலையில் தமக்கென நூல்களைப் படியெடுத்துக்கொள்ளலாமே என்ற ஆசை எழுந்தது. கற்றவரை ஈர்க்கும் தூண்டில்! எண்ணிப் பார்த்து, நீதியே மேல் என்று அதனையும் விடுத்தார். செனட்டரின் பொற்காசுகளை மறுத்ததினும் இச்சிறு மறுப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன். அதற்குச் சாட்சியில்லை, மிரட்டலில்லை, புகழுமில்லை. அலுவலகத் தாளில் ஒரு பக்கம் எடுத்துக்கொள்வதைப் போன்ற சிறு செய்தி அது.

386-இல் மிலான் நகரத் தோட்டமொன்றில் அகுஸ்தீனார் மனந்திரும்பிய வரலாறு பலரும் அறிந்ததே. அன்று உடனிருந்தவரும் அலிப்பியுஸே. இருவரும் மறு ஆண்டில் திருமுழுக்குப் பெற்றனர். நமக்கு வேண்டியது ஒன்று: விரும்பியதும் நானே, விரும்ப மறுத்ததும் நானே என்று அத்தோட்டத்துப் போராட்டத்தை அகுஸ்தீனார் விளக்குகிறார். பழைய மானியக் கொள்கை அங்கே முற்றும் கழன்றது.

குற்றம் முழுவதும் தன்னதாயின், அதனை வெல்லும் ஆற்றலும் முழுவதும் தன்னதாகுமன்றோ? பிரித்தானியாவிலிருந்து வந்து ரோமாபுரியில் வாழ்ந்த துறவி பெலாஜியுஸ் அவ்வாறே எண்ணினார். கடவுள் கட்டளையிடுவதை நிறைவேற்ற அவரே அருள வேண்டும் என்ற அகுஸ்தீனாரின் வேண்டுதலைக் கேட்டு அவர் கொதித்தார். இது சோம்பேறிகளுக்குச் சாக்காகும் என்று அஞ்சினார். அவ்வச்சம் நேர்மையானதே. 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் பேரவை பெலாஜியுஸின் கொள்கையை விலக்கியது. அகுஸ்தீனாரோ இறுதிவரை இரண்டையும் விடாது பற்றினார்: விழுந்தால் பழி எனது, நின்றால் அருள் அவரது. கண்ணை மூடிக்கொண்டு தன்னையே நம்பிய நண்பன் அரங்கில் வீழ்ந்ததை அவர் மறந்திருக்க முடியுமா?

நூலின் பத்தாம் பகுதியில் ஆயரானபின் தம் நிலையை எழுதுகிறார். உணவில் இச்சை இன்னும் உண்டு. கோயிற் பாடலில் பொருளைவிட இசையே மயக்குவதுண்டு. முயலைத் துரத்தும் நாயையும், ஈயைப் பிடிக்கும் சிலந்தியையும் கண்டால் கருத்துச் சிதறுகிறது. எல்லாவற்றினும் கொடியது மக்கள் புகழ்ச்சி. புகழைத் துறந்தேன் என்பதற்கும் புகழ் வேண்டும் நெஞ்சை அவர் கண்டுகொண்டார்.

430-இல் வாண்டல் படையினர் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோது அவர் நோய்ப்படுக்கையில் வீழ்ந்தார். மனம் வருந்திப் பாடிய தாவீதின் திருப்பாடல்கள் சிலவற்றை எழுதச் செய்து படுக்கையருகே சுவரில் பதிக்கச் சொன்னார். இறுதிப் பத்து நாள்கள், மருத்துவரும் உணவு கொணர்வோரும் வரும் வேளை தவிர, எவரையும் உள்ளே விடவேண்டாவென்று கேட்டுக்கொண்டு, அவற்றைப் படித்துக் கண்ணீர் வடித்தவாறு கிடந்தார். ஆகஸ்டு 28-ஆம் நாள் உயிர் நீத்தார், அகவை 75.