மரம் வைத்தால் மழை வருமா? பாண்டி வழியாக ஒரு பழைய கேள்வி

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது, நோணாங்குப்பத்தில் எங்கள் தெருமுனையில் நின்ற பூவரசு வேரோடு சாய்ந்தது. பாண்டியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மறுநாள் காலையில், முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டே பக்கத்து வீட்டு ஆயா சொன்னார்: "மரமும் போச்சு. இனிமே மழை எங்கேருந்து வரும் தம்பி?"

சிரிப்புதான் வந்தது. ஆனால் என் மகள் பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருப்பதும் இதேதான்: மரம் வளர்ப்போம், மழை பெறுவோம். இதை யார் முதலில் நம்பி சட்டம் போட்டார்கள், யாராவது அளந்து பார்த்தார்களா என்று தேட ஆரம்பித்தேன். தேடலில் இரண்டு தடவை பாண்டியே வந்து நின்றது.

முதல் தடவை 1746-ல். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த காலம். பியேர் புவாவ்ர் என்ற இளம் பிரெஞ்சுக்காரர் இங்கே வந்து சில மாதம் தங்கினார். அதற்கு முந்தைய வருஷம் நடுக்கடலில் ஆங்கிலேயர்கள் சுட்டதில் அவருடைய வலது கை போயிருந்தது. இங்கிருந்து லபூர்தொனேயின் கப்பல்களோடு மொரீஷியஸ் போனார். அப்போது அந்தத் தீவுக்குப் பிரெஞ்சுப் பெயர் 'ஈல் த பிரான்ஸ்'. அதற்குப் பத்து வருஷம் முன்பிருந்தே நம் பக்கத்துக் கைவினைஞர்களை அங்கே கூட்டிப்போய் துறைமுகமும் வீடுகளும் கட்டிக்கொண்டிருந்தார்கள். காட்டையும் வேகமாக வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

1763-ல் பிரான்ஸில் லியோன் நகர வேளாண் சங்கத்தில் புவாவ்ர் பேசினார். மரத்தை வெட்டினால் மழை குறையும், மண் வறண்டுபோகும் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். 1767-ல் அதே தீவுக்கு நிர்வாகியாகத் திரும்பிப் போனவர், 1769-ல் அதை விதியாகவே போட்டுவிட்டார்: நிலம் வைத்திருப்பவர்கள் கால் பங்கைக் காடாகவே விட வேண்டும், முக்கியமாக மலைச்சரிவுகளில். 1776-ல் கரீபியன் தீவான டொபேகோவில் ஆங்கிலேயர்களும் மழையைக் காப்பதற்கென்றே ஒரு மலைக்காட்டை ஒதுக்கினார்கள். அந்தக் காடு இன்றும் இருக்கிறது.

இந்த எண்ணம் மெட்ராஸுக்கு வந்தது ஒரு டாக்டர் மூலமாக. எட்வர்ட் பால்ஃபோர், கம்பெனியின் உதவி சர்ஜன். பின்னால் 1851-ல் எழும்பூர் மியூசியத்தைத் தொடங்கி வைத்தவரும் இவர்தான். 1849-ல் ஒரு மெட்ராஸ் இதழில், மரங்கள் மழையை வரவழைப்பதையும் ஈரத்தைக் காப்பதையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மரம் இருந்தால் மழை, மழை இருந்தால் பஞ்சமில்லை, பஞ்சமில்லை என்றால் நோயும் குறைவு. ஒரு டாக்டருக்கு வரக்கூடிய கவலைதான்.

ஆனால் நல்ல கவலை சட்டமாகும்போது செலவு யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். 1856-ல் மெட்ராஸ் மாகாணத்துக்கு வனப் பாதுகாவலராக ஹியூ கிளெக்ஹார்ன் வந்தார். மலைவாசிகள் காட்டை எரித்துப் பயிர் செய்யும் முறைக்குத் தடை வந்தது. அதே வருஷங்களில்தான் ரயில் பாதைக்கு ஸ்லீப்பர் கட்டையும் எஞ்சினுக்கு விறகும் மலைமலையாகப் போய்க்கொண்டிருந்தது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு காட்டைக் காக்க வேண்டும் என்ற குரல் ஓங்கி, 1882-ல் மெட்ராஸ் வனச் சட்டம் வந்தது. பல தலைமுறையாக விறகு பொறுக்கியவர்களும் ஆடு மேய்த்தவர்களும் ஒரே நாளில் குற்றவாளி ஆகக்கூடிய நிலை. சொல்லப்பட்ட காரணங்களில் மழையும் ஒன்று.

சரி, யாராவது அளந்தார்களா? அளந்தார்கள். இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட் 1887-ல் மத்திய மாகாணங்களின் மழைக் கணக்கை எடுத்துப் பார்த்தார். 1875 வாக்கில் அங்கே காடு பாதுகாப்புக்குள் வந்தது. அதற்குப் பிந்தைய வருஷங்களில் மழை கூடியிருந்தது. காட்டின் பலன்தான் என்று நினைத்தார். ஆனால் 1896-லும் 1899-லும் அதே பகுதியில் மழை பொய்த்துக் கொடும் பஞ்சம் வந்தது. என் வேலையில் இது தினமும் பார்க்கிற விஷயம். நாம் கோடை மாற்றிய அன்று சர்வர் வேகமானால், நம்மால்தான் ஆனது என்று தோன்றும். அன்று லீவு நாள், கூட்டம் குறைவு என்பது அப்புறம்தான் தெரியும்.

பின்னால் வந்த கில்பர்ட் வாக்கர், இந்தியாவில் மழை நிரந்தரமாகக் குறைந்துவிட்டதற்கு ஆதாரம் இல்லை என்று 1910-ல் சொல்லிவிட்டார். 1916-ல் வனத்துறைக்காக ஹில் எழுதிய அறிக்கையும், மழை அளவில் காட்டின் பங்கு சிறியதாகத்தான் இருக்கும் என்றது. ஆனால் காடு போனால் மண்ணும் போகும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் இரண்டாவது தடவையாகப் பாண்டி வருகிறது. 1955-ல் இங்கே தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த தாவரவியலாளர் மெஹர்-ஹோம்ஜி, மேற்குக் கர்நாடகத்தின் மழைக் கணக்குகளை ஊர் ஊராக ஒப்பிட்டு 1980-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மொத்த மழையோடு நிற்காமல், வருஷத்தில் எத்தனை நாள் மழை பெய்தது என்றும் எண்ணினார். காடு பெரிதாக அழிந்த பக்கங்களில் குறையும் போக்கு அதிகமாக இருந்தது. மழை நாட்களில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

2018-ல் மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் கணினி மாதிரி வைத்து ஒரு படி மேலே போனார்கள். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும்போது, அங்குள்ள காட்டு மரங்கள் வேரால் உறிஞ்சிய தண்ணீரை இலை வழியாக ஆவியாக்கி அந்தக் காற்றில் ஏற்றி அனுப்புகின்றன. தமிழ்நாட்டுக்கு அந்தப் பருவத்தில் கிடைக்கும் மழையில் 40 சதவீதம் வரை அந்த ஈரத்தால் வருவது என்பது அவர்கள் கணக்கு. மழை குறைந்த வருஷங்களில் அந்தப் பங்கு இன்னும் கூடுகிறது.

அப்போ ஆயா சொன்னது சரியா? எந்த மழை என்று கேட்க வேண்டும். பாண்டிக்கு வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள், வங்கக் கடலிலிருந்து நேராக வருவது. அது எங்கள் தெருப் பூவரசைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆடி, ஆவணியில் சாயங்காலம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்து கொட்டுமே, அந்த மழைக்கு மரம் வேண்டும். ஆனால் அந்த மரம் நோணாங்குப்பத்தில் இல்லை. முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் மலையில் நிற்கிறது.

நம்மூர் மரத்தின் வேலை வேறு: வந்த மழையைப் பிடித்து வைப்பது. வடக்கே ஆரோவில் செம்மண் மேட்டைப் பாருங்கள். 1968 வாக்கில் மொட்டையாக இருந்த இடம், மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வரப்பு போட்டு, குளம் வெட்டி, மரம் வைத்த பிறகு தண்ணீர் நிலத்துக்குள் இறங்க ஆரம்பித்தது. பெரிய மழையை மரம் கொண்டுவரவில்லை, நிறுத்தி வைத்தது.

காரணம் தப்பாக இருந்தால் என்ன, மரம் வைத்தால் சரிதானே என்று நண்பர் ஒருவர் கேட்டார். சரியில்லை என்றுதான் தோன்றுகிறது. மரம் இல்லாமலே ஒரு ராத்திரியில் 45 சென்டிமீட்டர் கொட்டியதைப் பார்த்தவன், அப்போ மரம் எதுக்கு என்று கேட்பான். மழை பொய்த்த வருஷம், விறகு வெட்டியவனைப் பிடித்து அடைப்பார்கள். இரண்டும் ஏற்கெனவே நடந்த கதைதான்.

போன மாதம் அதே முனையில் ஒரு பூவரசுப் போத்து நட்டோம். இப்போது இரண்டு இலை விட்டிருக்கிறது. ஆயாவிடம் மேற்கு மலைக் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப அங்க வெட்டாம பாத்துக்கச் சொல்லு" என்றார்.

1769-ல் புவாவ்ர் போட்ட விதியும் கிட்டத்தட்ட அதுதான்.